கைமாறும் விளையாட்டுடை

அந்தமான் தலைநகரின் கடலோரப் பகுதிகளுள் ஒன்று ஃபீனிக்ஸ் பே. போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கிவந்த அந்நகரின் பெயர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்பட்டது. சுவராஜ் தீவு, ஷஹீத் தீவு முதலிய தீவுகளுக்குச் செல்லும் அரசுப் பயணப் படகுகள் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து புறப்படுகின்றன. கப்பல்களையும் படகுகளையும் பழுதுபார்க்கும் பணிமனையும் இப்பகுதியிலேயே உள்ளது. தீவு மக்கள் ‘மெயின்லேண்ட்’ என்று சொல்லும் இந்தியப் பெருநிலத்திலிருந்து வரும் பெரிய கப்பல்கள் ஹேடோ துறையை அடைகின்றன. சென்னைக்கும் இந்நகருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் விரிந்துள்ளது. கப்பலில் வந்து சேர மூன்று நாள் ஆகும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் செய்தி. ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், 1964 இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டிற்குப் பின் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள், பின்னாளில் வேலை தேடி வந்தவர்கள் எனப் பல வழிகளில் அவர்களுடைய குடும்பங்கள் இங்கு வந்து சேர்ந்தன. கடல் கடந்து குடிபெயரும் குடும்பம் சில பெட்டிகளோடுதான் வரும். அவற்றில் சமையல் பாத்திரங்களுக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் இடம் கிடைக்கும். காற்பந்து பூட்ஸுக்குக் கிடைப்பது அரிது.

தீவில் விற்கப்படும் பொருள்களுள் பெரும்பகுதி கப்பலில் வருபவை. வந்தவை பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. கிழிந்த சட்டை, பிய்ந்த காலணி, காற்றிழந்த பந்து எல்லாம் தீவிலேயே தங்கிவிடுகின்றன. பெருநிலத்து நகரங்கள் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறந்துவிட முடியும். தீவில் ‘ஊருக்கு வெளியே’ என்பது சிறிது தொலைவுதான். அதற்கப்பால் காடு, அதற்கப்பால் கடல். ஒருவர் பயன்படுத்திய விளையாட்டுடையை இன்னொருவர் பயன்படுத்துவது எங்கும் நல்லதுதான். தீவில் அதற்கான தேவை இருமடங்கு.

ஆட்டம் தொடங்கும் இடமும் நின்றுபோகும் இடமும்

விளையாடுவதற்குத் தனி ஆடை வேண்டுமா? தொடங்குவதற்கு வேண்டியதில்லை. நாகபுரியில் விஜய் பர்சே என்னும் விளையாட்டு ஆசிரியர், மழையில் ஏழைச் சிறுவர்கள் உடைந்த வாளி ஒன்றை உதைத்து விளையாடுவதைக் கண்டார். அவர்களிடம் பந்து இல்லை, காலணி இல்லை. ஆனால் ஆட்டம் இருந்தது. அக்காட்சி அவரை 2001 இல் ‘சேரிக் காற்பந்து’ என்னும் பொருளுடைய ‘ஸ்லம் சாக்கர்’ அமைப்பைத் தொடங்கச் செய்தது.

வெறுங்கால் ஆட்டத்திற்கு இதைவிடப் பெரிய சான்றும் உண்டு. 1948 ஜூலை 31 அன்று இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் காற்பந்து அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. அன்று இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாக, இந்தியா 1–2 எனத் தோற்றது. 1960 இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். இச்செய்தியைச் சொல்வோர் பலர் ஒரு பகுதியை விட்டுவிடுகின்றனர். பிக்கிலா காலணியை வெறுத்தவர் அல்லர். ரோமில் அவருக்குக் கிடைத்த காலணி பாதத்திற்குப் பொருந்தவில்லை. ஆகவே பழக்கப்பட்ட வெறுங்காலே மேல் என்று முடிவு செய்தார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் பொருத்தமான காலணி அணிந்து ஓடி, இன்னும் விரைவாக வென்றார்.

எனவே, ஒன்றும் இல்லாமலேயே ஒரு குழந்தை விளையாடத் தொடங்கிவிடுகிறது. சிக்கல் பின்னர் வருகிறது. தெருவில் ஆடும் ஆட்டம் பள்ளி அணியாக மாறும்போது, எல்லாரும் ஒரே நிறச் சட்டையில் வர வேண்டும். எதிரணி ஆணிப்பூட்ஸ் அணிந்து வரும். அதன் நடுவே வெறுங்கால் நைந்துபோகும். படகேறி வேறு தீவுக்குச் சென்று ஆட வேண்டியிருக்கும். மாற்றுடை வேண்டும், பை வேண்டும். இந்த இடத்தில்தான் சில குழந்தைகள் விலகிக்கொள்கின்றனர். அவர்கள் ‘என்னிடம் காலணி இல்லை’ என்று சொல்வது அரிது. ‘கால் வலிக்கிறது’, ‘வீட்டில் வேலை இருக்கிறது’, ‘எனக்கு விருப்பம் இல்லை’ என்றே சொல்வர். ஆசிரியரும் அதை நம்பிவிடுவார்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016 வரையிலான தரவுகளைக் கொண்டு அந்நிறுவனம் செய்த ஆய்வில், உலகில் 11 முதல் 17 வயதுள்ள பள்ளி மாணவருள் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை எனத் தெரியவந்தது. மாணவர்களில் 78 விழுக்காடு, மாணவியரில் 85 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. திறன்பேசியும் தேர்வுச் சுமையும் அவற்றுள் அடங்கும். ஆனால் மாணவியர் பின்தங்குவதில் ஆடைக்கும் பங்கு உண்டு. வளரும் வயதில் உடலுக்குப் பொருந்தாத, கூச்சம் தரும் உடையில் ஓட நேர்ந்தால், பல சிறுமியர் ஓடுவதையே நிறுத்திவிடுவர். 2011 இல் ஈரான் நாட்டுப் பெண்கள் காற்பந்து அணி, தலைத்துணி அணிந்திருந்த காரணத்தால் ஓர் ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஆட அனுமதிக்கப்படவில்லை. 2014 இல் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு தலைத்துணியை ஏற்றுக்கொண்டது. நாட்டு அணியையே ஒரு துணி நிறுத்த முடிந்ததென்றால், பள்ளிச் சிறுமியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

துணிக்குள் இருப்பது

விளையாட்டுச் சட்டை பிற சட்டைகளைப்போன்றது அன்று. பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். நனைந்தால் கனக்கும், உலர நேரமாகும். ஜெர்சி எனப்படும் இன்றைய விளையாட்டுச் சட்டை பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனது. பாலியெஸ்டர் இழை நீரை உள்ளே ஏற்பதில்லை. வியர்வை இழைகளுக்கு இடையே பரவித் துணியின் வெளிப்புறத்தை அடைந்து காற்றில் உலர்ந்துவிடும். ஆண்டின் பல மாதங்கள் ஈரப்பதம் மிகுந்திருக்கும் அந்தமானில் இப்பண்பு பெரிதும் உதவும்.

அதே பண்பு வேறு வகையில் தொல்லையாகிறது. பாலியெஸ்டர் பாறை எண்ணெயிலிருந்து பெறப்படும் ஒரு வகை நெகிழி. குடிநீர்ப் புட்டியும் இதே பொருள்தான். மண்ணில் புதைத்தால் பருத்தி மட்கிவிடும். பாலியெஸ்டர் எளிதில் மட்காது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீரோடு கடலுக்குச் செல்கின்றன. பருத்திக்கும் ஒரு விலை உண்டு. ஒரு பருத்தி டி-சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவித்து ஆடையாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆக, எந்தச் சட்டையானாலும் அது செய்யப்படும்போதே உலகம் அதற்கான பெருஞ்செலவைச் செய்துவிட்டது. ஓராண்டு அணிந்துவிட்டு எறிவதைவிட ஐந்தாண்டு அணிவது நல்ல கணக்கு. அந்த ஐந்தாண்டும் ஒரே குழந்தை அணிய முடியாது, குழந்தை வளர்ந்துவிடும். சட்டைதான் கைமாற வேண்டும்.

தெரிந்து தெளிவோம்: 2010 இல் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற உலகக்கோப்பைக் காற்பந்துப் போட்டியில் பிரேசில் உள்ளிட்ட ஒன்பது அணிகள் அணிந்த சட்டைகள், பயன்படுத்தி எறியப்பட்ட நெகிழிப் புட்டிகளிலிருந்து செய்யப்பட்டவை. ஒரு சட்டைக்கு எட்டுப் புட்டிகள்வரை தேவைப்பட்டன.

சாலையோரம் குவிந்த துணிகள்

பழைய ஆடையைக் கொடுப்பது எளிய செயல்போலத் தோன்றும். அது எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டுக் கடற்கரை ஒருமுறை கண்டது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவை ஒட்டிய கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஆழிப்பேரலையை எழுப்பியது. நிக்கோபார் தீவுகள் அதற்கு மிக அருகில் இருந்தன. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் மிகுந்த இழப்புக்கு உள்ளாயிற்று. நாடெங்கும் இருந்து மக்கள் லாரி லாரியாகத் துணிகளை அனுப்பினர். வந்தவற்றுள் பல, கடலோர மீனவர் குடும்பங்களுக்கு எவ்வகையிலும் பயன்படாதவை. கிழிந்தவையும் அழுக்கானவையும் இருந்தன. வெயில் காயும் கடற்கரைக்குக் கம்பளி உடைகள் வந்தன. வீட்டையும் உறவையும் இழந்து நின்றவர்கள், பிறர் அணிந்து கழித்த கந்தலை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. துணிகள் சாலையோரங்களிலும் கிடங்குகளிலும் குவிந்தன.

அக்குவியலைக் கையாள முன்வந்த அமைப்புகளுள் ஒன்று ‘கூஞ்ச்’. எதிரொலி என்பது அச்சொல்லின் பொருள். தில்லியில் 1999 இல் அன்சு குப்தாவும் அவர் துணைவியாரும் தம் வீட்டிலிருந்த 67 ஆடைகளைக் கொண்டு தொடங்கிய அமைப்பு அது. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் தேங்கிய இலட்சக்கணக்கான துணிகளை அது தரம்பிரித்தது. அணியத்தக்கவை, தைத்துச் சரிசெய்யத்தக்கவை, வேறு பொருளாக மாற்றத்தக்கவை எனப் பிரித்து, மாற்றத்தக்கவற்றைக் கொண்டு பைகளும் பிற பொருள்களும் செய்ய வழிகண்டது. அன்சு குப்தா 2015 இல் மகசேசே விருது பெற்றார்.

கொடுத்தவர்களின் எண்ணத்தில் குறை காண இயலாது. அவர்கள் தம் அலமாரியைப் பார்த்துக் கொடுத்தனர். வாங்குபவருக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் போதும், ஒரு தாள் போதும். கேட்காததால் லாரி வாடகையும் கிடங்கும் பல நாள் உழைப்பும் வேண்டியிருந்தன.

விளையாட்டுடையிலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்கக் காற்பந்தின் இறுதிப்போட்டியான ‘சூப்பர் பவுல்’ முடிந்தவுடன் வெற்றியாளர் சட்டைகள் விற்பனைக்கு வர வேண்டும் என்பதற்காக, இரு அணிகளின் பெயரிலும் முன்கூட்டியே சட்டைகள் அச்சிடப்படும். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியின் ‘வெற்றிச் சட்டைகள்’ பயனற்றவை ஆகிவிடும். அவற்றைத் தொண்டு நிறுவனம் ஒன்று பல ஆண்டுகள் ஏழை நாடுகளுக்கு அனுப்பிவந்தது. 2011 இல் பிட்ஸ்பர்க் அணி தோற்றபோது, அத்தகைய மிகுதிச் சட்டைகள் ஓர் இலட்சம் சாம்பியா, நிகரகுவா முதலிய நாடுகளுக்குச் செல்லும் என அறிவிக்கப்பட்டது. உடனே பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சட்டைகள் புத்தம் புதியவை, கிழியாதவை; பிறகு என்ன குறை? அந்நாடுகளில் சட்டைகளுக்குப் பஞ்சம் இல்லை, உள்ளூர்த் தையற்காரரின் பிழைப்பை இலவசச் சட்டைகள் கெடுக்கும் என்றனர் சிலர். தமக்கு விற்க முடியாததைப் பிறர் தலையில் கட்டுவது உதவி ஆகாது என்றனர் வேறு சிலர். நடக்காத வெற்றியை மார்பில் எழுதிக்கொண்டு திரியும் சிறுவனைக் காண்பவருக்கு அவன் சட்டை எங்கிருந்து வந்தது என்பது உடனே விளங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டுக் கொடுத்தவர்கள்

இங்கிலாந்தில் 1998 முதல் இயங்கிவரும் ‘கிட்எய்டு’ என்னும் அமைப்பு, பயன்படுத்திய காற்பந்து உடைகளைச் சேர்த்து ஆப்பிரிக்கா முதலிய இடங்களில் உள்ள குழந்தைகளுக்கு அனுப்புகிறது. தான்சானியா சென்று வந்த ஒருவர் அங்குள்ள சிறுவர்களின் காற்பந்து ஆர்வத்தைக் கண்டு தொடங்கிய முயற்சி அது. இங்கிலாந்தின் உள்ளூர் அணிகள் சீருடையை அடிக்கடி மாற்றும் வழக்கமுடையவை. பழைய தொகுதி, கிழியாமலேயே பெட்டியில் கிடக்கும். அணிச் சீருடை தொகுதியாகக் கிடைப்பதில் ஒரு நன்மை உண்டு: பதினொருவரும் ஒரே உடை அணிந்து நிற்பர். யாருக்கு உடை இல்லாமல் இருந்தது என்பது எதிரணிக்குத் தெரியாது.

மும்பையில் ஸ்ரீயான்ஸ் பண்டாரி, ரமேஷ் தாமி என்னும் இளம் ஓட்டக்காரர்கள் இருவர் வேறொரு வழியைக் கண்டனர். தீவிரமாக ஓடிப் பயில்பவர் ஆண்டுக்குப் பல இணைக் காலணிகளைக் கழிக்க வேண்டியிருக்கும். மேற்பகுதி நைந்தாலும் அடிப்பகுதியின் பெரும்பாலான பொருள் உறுதியாகவே இருக்கும். அதை வெட்டி, தூய்மை செய்து, வார் பூட்டிச் செருப்பாக்கினால் பள்ளிக்கு வெறுங்காலுடன் நடந்து செல்லும் குழந்தைக்கு உதவும். ‘கிரீன்சோல்’ என்னும் அவர்களுடைய நிறுவனம் 2010களில் இவ்வாறே தொடங்கியது. ஓடத் தகுதியிழந்த காலணியை இன்னொருவருக்கு ஓடக் கொடுக்காமல், நடக்கத் தக்க வேறொரு பொருளாக மாற்றினர் என்பது இதில் கவனிக்கத்தக்கது. வெப்பமும் ஈரமும் மிக்க மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் பாதத் தோல் வழியாகக் கொக்கிப்புழு உடலுக்குள் நுழையக்கூடும்; அப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சி, சோகை நோயை உண்டாக்கும். எளிய செருப்பு அதைத் தடுத்துவிடும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு சுவீடன் நாட்டில் உள்ளது. தேயே என்னும் சிற்றூரில் 2013 இல் ‘ஃப்ரிடீட்ஸ்பாங்கன்’ தொடங்கப்பட்டது. ‘ஓய்வுநேர வங்கி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். நூலகத்தில் நூல் பெறுவதுபோல அங்கு விளையாட்டுப் பொருள் பெறலாம். சறுக்குக் காலணி, பனிச்சறுக்குக் கட்டை, பந்து, மட்டை, உயிர்காப்புச் சட்டை என எதையும் 14 நாள்வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். பொருள்கள் அனைத்தும் மக்கள் தந்தவை. இன்று சுவீடனில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அது இயங்குகிறது.

அங்கு யாரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. மருத்துவரின் மகளும் வாங்கலாம், துப்புரவுப் பணியாளரின் மகனும் வாங்கலாம். பொருள் வீணாகக் கூடாது என்பதே முதல் நோக்கமாகச் சொல்லப்படுவதால், வரிசையில் நிற்பவரை எவரும் ஏழை என்று முத்திரை குத்த முடியாது. மூன்று எடுத்துக்காட்டுகளில் பள்ளிக்கூடம் ஒன்று எளிதாகப் பின்பற்றக்கூடியது இதுவே. மேடையில் அழைத்து, ஒளிப்படம் எடுத்து, கைதட்டலுடன் வழங்கப்படும் காலணியை அணிந்து மறுநாள் மைதானத்திற்கு வருவது ஒரு குழந்தைக்கு எவ்வளவு கடினம் என்பதை வழங்கும் பெரியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

எதைக் கொடுக்கலாம்?

சட்டை, அரைக்கால் சட்டை, டிராக் பேண்ட் ஆகியவற்றில் சிக்கல் குறைவு. கிழிசல் இல்லாமலும் இழுபட்டை தளராமலும் இருந்தால் போதும். பெயர் அச்சிட்ட சட்டையைவிட எண் மட்டும் உள்ள சட்டை நல்லது. பிறர் பெயரைச் சுமந்து ஓட எவரும் விரும்புவதில்லை. பாலியெஸ்டர் உடையில் வியர்வையின் எண்ணெய்ப்பசை படிந்து நாற்றம் நிற்கும். சிறிது வினிகர் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைத்தால் பெரும்பாலும் நீங்கும். சூடான இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைக்கக் கூடாது, இழை உருகிவிடும்.

அந்தமானில் இன்னொரு பகைவனும் உண்டு: பூஞ்சணம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், அரைகுறையாக உலர்ந்த துணியை மூட்டையில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் கரும்புள்ளிகள் தோன்றிவிடும். ஆகவே ஆடை சேர்க்கும் பணியை மழை குறைந்த பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. கல்வியாண்டின் இறுதியும் அப்போதுதான் வருகிறது. உயரமாகிவிட்ட மாணவர்களின் உடைகள் அந்த நேரத்தில் மிகுதியாகக் கிடைக்கும்.

காலணி சற்றுக் கடினமான பொருள். குழந்தையின் பாதம் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர்வரை வளரலாம். அதனால் தேயுமுன்பே சிறிதாகிப்போன காலணிகள் வீடுதோறும் கிடக்கின்றன. அவை கொடுக்கத் தக்கவை. நீண்ட நாள் அணிந்து குதிகால் ஒருபக்கம் தேய்ந்தவை தகாதவை. முதலில் அணிந்தவரின் நடைக்கேற்ப அவை வளைந்திருக்கும், புதியவரின் கணுக்காலையும் முழங்காலையும் வருத்தும். கைவிரலால் அழுத்தும்போது அடிமெத்தை கல்போல இருந்தால் அதுவும் தகாது. காலணிக்கு அளவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு நிகழ்ச்சிகள் அடங்கிய ஹெப்டத்லானில் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மன் சான்று. அவருக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். கடையில் கிடைக்கும் காலணிகளில் பாதம் நெரிந்து வலிக்க, அவ்வலியோடுதான் பயிற்சி செய்தார்.

கைமாற்றவே கூடாத பொருளும் உண்டு. மிதிவண்டி ஓட்டுநரின் தலைக்கவசம் அவற்றுள் முதன்மையானது. அதன் உள்ளே உள்ள நுரைப்பகுதி, விழும்போது தான் நசுங்கித் தலையைக் காக்கும். ஒருமுறை நசுங்கியது மீண்டும் பழைய நிலைக்கு வராது. வெளியே பார்த்தால் புதியதுபோலவே இருக்கும். இதை அந்தமான் நிக்கோபார் மாணவர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும்; ஏனெனில் இத்தீவுகளின் புகழ்பெற்ற விளையாட்டு மிதிவண்டிப் பந்தயம். ஆழிப்பேரலை வந்தபோது கார் நிக்கோபாரில் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்பிழைத்த டெபோரா ஹெரால்டு பின்னர் இந்தியாவின் முன்னணி மிதிவண்டி வீராங்கனை ஆனார். நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018 இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். 2019 இல் ஜெர்மனியில் குழுப் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். மிதிவண்டிப் பந்தயம் செலவு மிக்க விளையாட்டு. வண்டியைப் பலர் மாறி மாறி ஓட்டலாம். உடலோடு ஒட்டிய பந்தய உடையையும் அளவு பொருந்தினால் துவைத்துக் கைமாற்றலாம். விழுந்த தலைக்கவசத்தை மட்டும் கைமாற்றுவதற்கில்லை.

ஒரு பள்ளியில் செய்யக்கூடியது

ஃபீனிக்ஸ் பே போன்ற பகுதியில் உள்ள பள்ளி ஒன்று விளையாட்டுடை வங்கி தொடங்க விரும்பினால், முதற்பணி பெட்டி வைப்பது அன்று, பட்டியல் எடுப்பது. உடற்கல்வி ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் சட்டை அளவும் காலணி அளவும் குறித்துக்கொள்ளலாம். எல்லாருடைய அளவும் எடுக்கப்படுவதால் எவருக்கும் கூச்சம் இராது. எந்த எண்ணில் எத்தனை இணை வேண்டும் என்பது அத்தாளிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு ‘நான்காம் எண் காலணி ஆறு இணை, சிறுமியருக்கான நீளக் கால்சட்டை பத்து’ என்று குறித்துக் கேட்கலாம். குறித்துக் கேட்டால் குறித்ததே வரும். ‘பழைய துணி இருந்தால் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால், வீட்டுத் திரைச்சீலையும் வரும்.

பெறுவதும் பிரிப்பதும் துவைப்பதும் மாணவர் பணியாகவே இருக்கலாம். உடைகளை அளவுவாரியாக அடுக்கி, குறிப்பேட்டில் எண் இட்டு, நூலகம்போல வழங்கலாம். பருவ இறுதியில் திருப்பித் தர வேண்டும். வளர்ந்துவிட்டால் அடுத்த அளவை எடுத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்த பெற்றோர் ஒருவர் இருந்தால் பாதிக் கிழிசல்கள் ஒரு பிற்பகலில் சரியாகிவிடும். பள்ளிக்கு மிகுதியானவை வேறு தீவுப் பள்ளிகளுக்குச் செல்லலாம். படகுத்துறை அருகிலேயே இருக்கிறது. அனுப்புமுன் அங்குள்ள ஆசிரியரிடமும் அளவுப் பட்டியல் கேட்டுப் பெற வேண்டும்.

எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் சில துணிகள் எவருக்கும் பொருந்தாமல் எஞ்சும். பெருநிலத்தில் அத்தகைய துணிகள் அரியானாவின் பானிப்பட்டு நகருக்குச் செல்கின்றன. அங்குள்ள ஆலைகள் பழந்துணியைக் கிழித்து மீண்டும் நூலாக்கிப் போர்வைகள் நெய்கின்றன. தீவிலிருந்து அவ்வளவு தொலைவு அனுப்புவது கட்டுப்படியாகாது. பருத்தித் துணியாக இருந்தால் உள்ளூரிலேயே ஓர் இடம் உண்டு. படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்குக் கிரீசையும் எண்ணெயையும் துடைக்க நாள்தோறும் ‘வேஸ்ட் துணி’ வேண்டும். பொத்தானையும் இழுபட்டையையும் வெட்டி எடுத்து, கையளவுத் துண்டுகளாக்கிக் கட்டிக் கொடுத்தால் பணிமனைகளில் பெற்றுக்கொள்வர். வெட்டி எடுத்த பொத்தான்களும் நாடாக்களும் தையல் செய்பவரின் டப்பாவுக்குத் திரும்பும்.